சபியா உம்மாவுக்காகப் போன வேன்

சபியா உம்மாவுக்கும் படிகளுக்கும் நெடுநாள் பகை. அவருடைய வலது முழங்கால் மடங்காது. இடது முழங்கால் மடங்கும், ஆனால் மடங்கினால் நிமிர்வதற்கு அரை நாள் கேட்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மருதமுனையில் தன் வீட்டுக்குள்ளே கம்பு ஊன்றி அடுப்படிக்கும் முற்றத்துக்கும் போய்வந்து விடுவார். வெளியே போவதென்றால் சில்லுக்கதிரை, சக்கர நாற்காலி. அந்தக் கதிரை எங்கே போனாலும் அதற்கு முன்பே அங்கே ஒரு படி வந்து காத்திருக்கும். கல்முனையில் வங்கி மேல்மாடியில். கண் டொக்டர் மேல்மாடியில். முழங்கால் வருத்தம் பார்க்கிற டொக்டர், நம்பினால் நம்புங்கள், அவரும் மேல்மாடியில்தான். சொந்தத் தங்கச்சியின் மகளுக்கு மண்டபத்தின் இரண்டாம் மாடியில் கலியாணம் நடந்தபோது, சபியா உம்மா கீழே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் புரியாணிப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாப்பிள்ளை எப்படி என்று பிறகு கேட்டவர்களிடம், சப்பாத்து நல்ல சப்பாத்து என்று சொன்னார். மாப்பிள்ளை படி ஏறும்போது அவ்வளவுதான் தெரிந்தது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மகள் நப்லாவின் போனில் ஒரு வீடியோ பார்த்தார். கொழும்பில் ஏதோ பெரிய கடைத்தொகுதி. அதற்குள்ளே ஒரு படிக்கட்டு தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. மனிதர்கள் பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். ஏறுகிற வேலையைப் படி பார்க்கிறது.

"இது என்னகா புள்ள, படி தானா ஏறிப் போகுது?"

"அது எஸ்கலேட்டர் உம்மா. ஓடுற படி. கொழும்பில பெரிய கடையெல்லாம் இரிக்கி."

"அப்ப மனிசர் ஏறத் தேவல்லயா?"

"தேவல்ல. நிண்டாப் போதும்."

சபியா உம்மா போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு இத நேரில பாக்கணும். ஏற ஏலாட்டியும் காரியமில்ல. கீழ இரிந்து ஒருக்காக் கண்ணால பாத்தாக் காணும்."

புருசன் மௌத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் தனக்கென்று கேட்ட முதல் விசயம் இதுதான். நப்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு போய்த் தன் புருசன் மிஹ்லாரிடம் சொன்னாள். பிழை தொடங்கிய இடம் அது.

மிஹ்லார் கெட்டவர் அல்ல. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல இடம் வராது. கல்முனையில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஆனால் அவருடைய உண்மையான தொழில் செயலாளர். விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளர், ஜனாஸா நலன்புரிச் சங்கத்துக்குச் செயலாளர், ஒழுங்கை விளக்குக் குழுவுக்கும் அவரே செயலாளர். மூன்று பேர் ஓரிடத்தில் நின்று கதைத்தால் அதில் ஒருவரைத் தலைவராக்கி மற்றவரைப் பொருளாளராக்கிவிட்டுத்தான் நகர்வார். சீதனமாகக் கிடைத்த அந்த வீட்டில், அதைக் கட்டிக் கொடுத்த மாமியாரை அவர் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. மாமியின் ஆசையைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்து, "மாமிக்காக நான் இதச் செய்யாட்டி மறுகா ஆரு செய்யிற?" என்றார்.

முதலில் அவர் விசாரித்தது சரியான வாகனந்தான். படி பதிந்த வேன், கால் நீட்ட இடம், மாமி, நப்லா, அவர், மூன்றே பேர். வேன்காரர் சொன்ன தொகையைக் கேட்டு மிஹ்லாருக்கு வியர்த்தது. கட்டுப்படியாகாது. இரவெல்லாம் யோசித்துவிட்டு விடியப்பறம் தேநீர் குடிக்கும்போது அவருக்கு வழி பிறந்தது. ஆள் கூடினால் தலைக்குச் செலவு குறையும். இந்த உண்மையைத் தானே கண்டுபிடித்தவரைப் போல முகம் மலர்ந்து உடனே வட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்தார். அதற்கு 'சபியா மாமி கொழும்புப் பயணம்' என்று பெயர். மாமியிடமும் வட்ஸ்அப் இருந்தது, ஆனால் அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. நோயாளிக்கு மனக்கரைச்சல் கொடுக்கக் கூடாதாம்.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் சபியா உம்மாவுக்காகத்தான் சேர்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. நப்லாவின் சின்னம்மாவான சாச்சி வந்தார், இரவில் காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் வேண்டுமே. வேனில் ஏற்றி இறக்கப் பலமுள்ள ஒருவன் வேண்டும் என்று ஒரு மச்சானைப் பிடித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் சரிந்துவிடும் என்பதால் மறுபக்கத்துக்கு இன்னொரு மச்சான். இருவருடைய பெண்சாதிமாரும் புருசன்மாரைத் தனியே கொழும்புக்கு விடுகிற ஆட்கள் அல்ல. சிங்களம் கதைக்க ஒருவர். வழி தெரிந்தவர் ஒருவர். அந்த வழி தெரிந்தவருக்கு வாகனத்தில் சத்தி வரும் என்பதால் அவரைப் பார்க்க அவருடைய தங்கச்சி. ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளைகளோடு. செலவு இறங்கிக்கொண்டே வந்தது. மிஹ்லார் ஒவ்வொரு நாளும் குறைந்த தொகையைக் குழுவில் போட, எல்லாரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள்.

தூக்கிப் பழக வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒத்திகை நடந்தது. மாமியையே தூக்கிப் பழகுவது மரியாதையில்லை என்று ஒரு நெல்லு மூட்டையைச் சில்லுக்கதிரையில் இருத்தினார்கள். மச்சான்மார் இரண்டு பேரும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தூக்கி, முற்றத்துத் திண்ணையில் ஏற்றப் போய், ஒருவருடைய சாறம் அவிழ, மூட்டை தலைகுப்புற விழுந்து வெடித்தது. கோழிகளுக்கு நல்ல நாள். சபியா உம்மா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னயும் இப்பிடித்தான் தூக்கப் போறயளா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி. அந்த நேரம் காச்சட்ட போட்டிருப்பாங்க" என்றார் மிஹ்லார்.

சபியா உம்மா பயப்படவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. அந்தப் பக்கத்தில் நெடும்பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைக்கு மாப்புக் கேட்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்தான் முறையாகச் செய்வார்கள். கொழும்புக்குப் பஸ் ஏறுகிறவன் செய்வதில்லை. ஆனால் சபியா உம்மாவுக்குக் கொழும்பு என்பது கடல் தாண்டிய தூரம், விட்டால் கிடைக்காத பயணம். முறையை விடமாட்டேன் என்றார். வீடு வீடாகப் போக ஏலாததால் கேற்றடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, ஒழுங்கையால், அந்தச் சிறு தெருவால், போன ஒருவரையும் விடாமல் பயணம் சொன்னார். தூரத்தில் இருந்தவர்களுக்குப் போன் எடுத்தார். ஒரு இலக்கம் பிழையாகி, குருணாகல் பக்கத்தில் யாரோ ஒரு சிங்கள ஐயாவுக்குப் போய்விட்டது. சபியா உம்மா அழுதுகொண்டு மாப்புக் கேட்க, அந்த மனிதர் ஒரு சொல்லும் விளங்காமலே கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஹரி ஹரி அம்மே, சரி சரி அம்மா, என்று மன்னித்துவிட்டார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பயணம் போகிறவருக்குக் கையில் ஏதாவது கொடுப்பதுதானே வழமை. தின்பதற்குத் தொதல் வந்தது, பொரிவிளாங்காய் வந்தது, வேனில் கால் வைக்க ஒரு பஞ்சுத் தலையணை வந்தது. கொழும்பிலுள்ள சொந்தங்களுக்குக் கொடுக்கச் சொல்லிச் சாறங்களும் கருவாடும் தயிர்ச்சட்டியும் வந்தன. ஊரில் சபியா உம்மா கொழும்புக்குப் போவதை அறியாத ஒரு பூனைகூட இல்லை.

போவதற்கு முதல் நாள் மிஹ்லார் கடைசிக் கூட்டத்தைக் கூட்டினார். சபியா உம்மா அடுப்படியில் இருந்தே எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். கூட்டத்தில் ஒரு சிக்கல். வேனில் இடம் காணாது. இருக்கைகளைப் பல விதமாகப் பங்கிட்டுப் பார்த்தார்கள். சிறுபிள்ளைகளை மடியில் வைத்தார்கள். தயிர்ச்சட்டியைச் சீற்றுக்குக் கீழே வைத்தார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு கால் குறுக்கே நின்றது. அது சபியா உம்மாவின் மடங்காத வலது கால். அந்தக் காலை நீட்டினால் மூன்று பேரின் இடம் போகிறது.

"சாச்சிய விட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ன விட்டா அவக்கு எண்ண தேய்க்கிற ஆருகா?" என்றார் சாச்சி.

தூக்குகிறவர்களை விட்டால் ஏற்றுவது யார்? வழி தெரிந்தவரை விட்டால் வழி? சிங்களம் கதைக்கிறவரை விட்டால் வாய்? ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார்கள். எல்லாரும் தேவையான ஆட்கள். சபியா உம்மாவின் பயணத்துக்குத் தேவைப்படாத ஆள் என்று பார்த்தால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மிஹ்லார் வந்து முன்னால் குந்தினார். அவருடைய கண்ணில் உண்மையாகவே தண்ணீர். "மாமி, ஒங்கட நன்மைக்குத்தான் செல்றன். இவ்வளவு சனத்துக்குள்ள ஒங்களுக்குக் கால் நோகும். நாங்க போய்ப் பாத்திட்டு, ஓடுற படியடியில நிண்டு வீடியோ கோல் எடுக்கிறன். நீங்க வீட்ட இரிந்து வடிவாப் பாக்கலாம்."

"அப்ப வேன்?"

"வேனுக்கு முற்காசு குடுத்தாச்சே மாமி. வீணாப் போகும்."

நப்லா சுவரோடு ஒட்டி நின்றாள். நானும் நிற்கிறேன் என்று ஒரு சொல் சொல்வாள் என்று சபியா உம்மா அவளையே பார்த்தார். நப்லா நிலத்தைப் பார்த்தாள். பாவம், அவளும் கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கேயும் போனவள் அல்ல. அதை நினைத்துத்தான் சபியா உம்மா மிச்சத் தேநீரையும் ஊற்றி முடித்தார். ஆனால் நெஞ்சு எரிந்தது. அடுப்பில் எரிந்ததை விடக் கூடவே எரிந்தது.

மறுநாள் விடியச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் வேன் வந்தது. இனிமேல் வீட்டில் இருக்கப் போகிறவர் சபியா உம்மா, பயணம் போகிறவர்கள் அவர்கள். ஆகவே முறை தலைகீழானது. சாச்சியிலிருந்து சின்னப் பொடியன் வரைக்கும் வரிசையாக வந்து அவருடைய கையைப் பிடித்துப் பயணம் சொல்லி மாப்புக் கேட்டார்கள். அவருடைய பயணத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அதற்கு அவரிடமே மன்னிப்பும் எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்புக் கேட்டால் கொடுக்காமல் விடுவது பாவம். சபியா உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தார்.

வேன் புறப்படும்போதுதான் கவனித்தார், கூரையில் அவருடைய சில்லுக்கதிரை கட்டியிருந்தது.

"மருமகன், அது என்னத்துக்கு?"

"சாமான் தள்ள உதவும் மாமி. மறுகா, கதிரயக் கண்டாக் கியூவில நிக்கத் தேவல்ல, முன்னுக்கு விடுவானுகள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் இரிக்கலாம்."

ஆக, கதிரை கொழும்புக்குப் போனது. அதில் இருக்க வேண்டியவர் கேற்றடியில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று கை காட்டினார்.

அதற்குப் பிறகுதான் சபியா உம்மாவுக்குத் தன் நிலைமை உறைத்தது. ஊர் முழுக்கப் பயணம் சொல்லியாயிற்று. தொதல் வாங்கியாயிற்று, தின்றும் ஆயிற்று. பயணம் சொன்ன மனிசி வீட்டில் இருந்தால் ஊர் என்ன கதைக்கும்? உள்ளே போய்க் கதவைச் சாத்தலாம் என்று திரும்புவதற்குள் முன்வீட்டுப் பெண் தலையை நீட்டினாள்.

"அல்லாஹ்வே, உம்மா! வேன் போயிட்டே! ஒங்கள விட்டிட்டா போனாங்க?"

விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்ல சபியா உம்மாவின் நாக்கு எழும்பவில்லை. மகளையும் மருமகனையும் ஊர்வாயில் போட எந்த உம்மாவுக்கு மனம் வரும்? "இல்லகா" என்றார். "எனக்கு வேற வாகனம் வருது. கால் நீட்டிப் போற வாகனம். அதான் அவங்க முன்னுக்குப் போறாங்க."

சொன்ன வாய் மூட முன்னே செய்தி ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. சபியா உம்மாவுக்குத் தனி வாகனம் வருகிறதாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை வழியனுப்ப ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். மற்ற ஒழுங்கைக்காரரும் வந்தார்கள். என்ன வாகனம் என்று கேட்டார்கள். பெரிய வாகனம் என்று சொல்லி வைத்தார். பின்னேரத் தொழுகை அஸருக்கு முதல் வருமா பிறகு வருமா என்று கேட்டார்கள். சபியா உம்மா நல்ல அபாயா உடுத்துப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு, வராத வாகனத்துக்காகக் கேற்றடியில் காத்திருந்தார். உள்ளுக்குள்ளே, யா அல்லாஹ், ஒரு காச்சலாவது தா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கடற்கரைப் பக்கமிருந்து ஜதுசனின் மீன் லொறி வந்தது. ஜதுசன் பாண்டிருப்புக்காரன். பின்னேரங்களில் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு அந்த ஒழுங்கையாலேயே பெரிய ரோட்டுக்கு ஏறிக் கொழும்புச் சந்தைக்குப் போவான். கேற்றடியில் இருக்கும் சபியா உம்மாவை நாளாந்தம் கண்டு, உம்மா, போயிட்டு வாறன் என்று குரல் கொடுப்பான். அன்றைக்கு ஒழுங்கையை அடைத்துச் சனம் நின்றதால் லொறி நகர முடியாமல் கேற்றுக்கு நேரே நின்றது.

ஜதுசன் தலையை வெளியே போட்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்: "என்ன உம்மா, ஆரும் மௌத்தா?"

அதற்குள் முன்வீட்டுப் பெண், "இதுவா உம்மா வாகனம்?" என்று கேட்டுவிட்டாள். எல்லாக் கண்களும் சபியா உம்மாவின் மேல்.

சபியா உம்மா லொறியைப் பார்த்தார். முன்பக்கம் நீட்டுச் சீற்று. ஜதுசனுக்குப் பக்கத்தில் அவனுடைய பெண்சாதி துஷாந்தினி இருந்தாள். கல்முனையில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருப்பவள், கொழும்புப் புறக்கோட்டையில் சாமான் வாங்க இடைக்கிடை புருசனோடு போகிறவள். அவளைக் கண்டதும் சபியா உம்மாவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஓம்" என்றார் சத்தமாக. "இதுதான்."

துஷாந்தினி புருசனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தாள். கதவைத் திறந்து, "வாங்க உம்மா, நேரம் போகுது" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகச் சபியா உம்மா அவளுக்கு ஆயுசு முழுக்க துஆக் கேட்கத் தயாராக இருந்தார்.

லொறியின் வாசல் நெஞ்சுயரம். சபியா உம்மா அதைப் பார்த்துத் தயங்கினார்.

"பயப்படாதீங்க உம்மா" என்றான் ஜதுசன். "நான் மீன் ஏத்துறவன். நசுங்கினா விலை போகாது எண்டு தெரிஞ்சவன்."

பெரிய மீன் ஏற்றுகிற பலகையை வாசலுக்குச் சாய்த்து வைத்தார்கள். சபியா உம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு கயிறு போட்டு, லொறியில் மீன் ஏற்றி இறக்க வந்த பிள்ளைகள் மேலிருந்து இழுக்க, கீழிருந்து ஒழுங்கைப் பெண்கள் ஸலவாத்துச் சொல்லித் தள்ளினார்கள். கதிரை வழுக்கிக்கொண்டு மேலே போனது. பலகையில் மீன் எண்ணெய் ஊறியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. நீட்டின கால் நீட்டினபடியே போய்ச் சீற்றில் அமர்ந்தார். ஊர் கை காட்டியது. உண்மையாகவே கால் நீட்டிப் போகிற வாகனம் என்று முன்வீட்டுப் பெண் எல்லாருக்கும் சொன்னாள்.

வழி முழுக்க என்ன நடந்தது என்று விரித்தால் கதை கொழும்புக்குப் போய்ச் சேராது. மீன் வாசத்தில் சபியா உம்மா நன்றாக நித்திரை கொண்டார் என்பதை மட்டும் சொல்லலாம். இடையில் நப்லாவுக்குப் போன் எடுத்துச் சொல்வோமா என்று துஷாந்தினி கேட்டாள். "வேணாம்" என்றார். "செல்லிப் போனா அதுக்கும் ஒரு கூட்டம் வைப்பாங்க."

காலையில் மீன் இறக்கி முடித்து, முகம் கழுவி, தேநீர் குடித்து, வீடியோவில் கண்ட அந்தக் கடைத்தொகுதி திறக்கும் நேரத்துக்கு லொறி அங்கே போனது. வாசலில் நின்ற காவலாளி மூக்கைச் சுளித்தான். துஷாந்தினி இறங்கிப் போய் உள்ளேயிருந்து ஒரு சில்லுக்கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேட்டால் சும்மா தருகிறார்கள். ஏற்றிய பலகையாலேயே சபியா உம்மாவை இறக்கி அதில் இருத்தினார்கள். வாசலில் படி இல்லை. சரிவு இருந்தது. சபியா உம்மா அந்தச் சரிவில் வழுவழுவென்று ஏறும்போது, எங்கே படி, எங்கே படி என்று பழக்கத்தில் தேடிக்கொண்டே போனார்.

பிறகு கண்டார்.

வீடியோவில் கண்டதைவிடப் பெரிது. நிலத்துக்குள்ளே இருந்து ஒவ்வொரு படியாக முளைத்து எழும்பி, மேலே போய், ஏறி முடிந்ததும் தன்னைத்தானே மடக்கிக்கொண்டு நிலத்தோடு நிலமாக மறைந்தது. சபியா உம்மா அதற்கு நேரே கதிரையை நிறுத்தச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாள் முழுக்க அவரைக் கீழே விட்டுவிட்டு மேலே நின்ற சாமான், இதோ மடங்கி மடங்கி ஊழியம் செய்கிறது.

"மடங்குது பாத்தியா புள்ள" என்றார் துஷாந்தினியிடம். "என்ட முழங்காலுக்கு ஏலாதத இது செய்யிது." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். இவ்வளவு சந்தோசம் தனக்குள் மிச்சம் இருந்தது அவருக்கே தெரியாது.

"மேல போவமா உம்மா? லிப்ட் இரிக்கி" என்றாள் துஷாந்தினி.

லிப்டில் மேலே போனார்கள். மேல்தட்டில் கம்பி வேலியோரமாகக் கதிரையை விட்டு, ஆளுக்கொரு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு, படி ஏறி வருவதை இப்போது மேலிருந்து பார்த்தார்கள். அப்போதுதான் கீழே வாசலில் பெரிய சத்தம் கேட்டது. தமிழ்ச் சத்தம். மருதமுனைத் தமிழ்ச் சத்தம்.

வந்தார்கள். முதல் நாள் முழுக்கச் சொந்தக்காரர் வீடு தேடி அலைந்ததில், கடைத்தொகுதிக்கு வர அவர்களுக்கு இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. முன்னால் மிஹ்லார், சபியா உம்மாவின் சில்லுக்கதிரையைத் தள்ளிக்கொண்டு. கதிரை நிறைய மூட்டைகள். சிங்களம் கதைக்கிறவரும் வழி தெரிந்தவரும் அவருக்கு இரண்டு பக்கமும். சாச்சி முந்தானையைக் கடித்துக்கொண்டு. படியைக் கண்டதும் எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒரே முறையில் ஏறினார்கள். காவலாளி ஓடி வந்து கையை ஆட்ட ஆட்ட, மிஹ்லார் கதிரையையும் படியில் ஏற்றினார். பாதித் தூரம் போனது. பிறகு கதிரையின் முன்சில்லு இடுக்கில் போய் இறுகிக்கொள்ள, ஒரு மூட்டை சரிந்து சாறங்கள் உருள, காவலாளி கீழே எதையோ அழுத்த, படி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

இப்போது நடந்ததைச் சபியா உம்மா தன் கண்ணால் கண்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டார். ஒருவரும் அசையவில்லை. நல்ல காலுள்ள அத்தனை பேரும் நின்றுபோன படியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நடுவானில் தொங்குகிறவர்கள் மாதிரி நின்றார்கள். சாச்சி கடைசி நேரம் வந்துவிட்டவர் போலக் கலிமாச் சொல்லத் தொடங்கினார். காவலாளி கீழே நின்று சிங்களத்தில் கத்தினான்.

"என்ன செல்றான்?" என்று மிஹ்லார் கேட்டார்.

சிங்களம் தெரிந்தவர் காது கொடுத்துக் கேட்டார். அவருக்குத் தெரிந்த சிங்களம் விலை பேசுகிற சிங்களம். "தொகை ஒண்டும் செல்றான் இல்ல" என்றார்.

ஏறவும் இறங்கவும் வழியில்லாத இடத்தில் மிஹ்லாருக்குத் தன் கடமை ஞாபகம் வந்தது. போனை எடுத்து வீடியோ கோல் போட்டார். மேல்தட்டில், சபியா உம்மாவின் பைக்குள் போன் அடித்தது. ஐஸ்கிறீமைத் துஷாந்தினியிடம் கொடுத்துவிட்டு எடுத்துப் பழக்கத்தில் காதில் வைத்தார்.

"மாமி! விளங்குதா? இந்தாப் பாருங்க, ஓடுற படி!"

"ஓடல்லயே மருமகன்."

"இல்ல மாமி... ஓடிட்டுத்தான் இரிந்த. இப்ப சின்னத் தடங்கல் ஒண்டு."

"தடங்கல் என்ட கதிரதான். முன்சில்லு இறுகிட்டு. மூட்டய இறக்கிட்டு இழுங்க."

மிஹ்லார் போனைத் திருப்பிப் பார்த்தார், அதில் மாமியின் காது மட்டுந்தான் தெரிந்தது. "மாமி, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒங்கட உச்சியில வழுக்க விழுந்திரிக்கி, அதும் தெரியிது. மேல பாருங்க மருமகன்."

பார்த்தார். அவர் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தார்கள். அத்தனை முகமும் வாயைத் திறந்தபடி மேலே திரும்பி நின்றன. சபியா உம்மா எப்போதும் அண்ணாந்து பார்த்தே பழகிய முகங்கள் அவை.

"உம்மா!" என்று நப்லா கத்தினாள். கத்தியவள் விம்மி அழுதாள். உடனே படியிலேயே ஒரு கூட்டம் தொடங்கிவிட்டது. எப்படி வந்தார், யார் தூக்கினார்கள், இறக்குவது எப்படி, மச்சான்மார் எந்தப் பக்கம், திரும்பும்போது அவருடைய காலை எங்கே வைப்பது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆனால் ஒருவராவது அடுத்த படியில் காலை வைக்கவில்லை. படி ஓடட்டும் என்று காத்திருந்தார்கள்.

சபியா உம்மாவுக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் எரிந்தது எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாகத்தான் இருந்தது. கம்பி வேலியைப் பிடித்துக் கொஞ்சம் குனிந்து, போன் இல்லாமலே சொன்னார்:

"அது இனி ஓடா புள்ளையள். வெறும் படிதான். ஒங்களுக்குக் கால் இரிக்கி. நடந்து ஏறி வாங்க."

நப்லா முதலில் ஒரு காலை எடுத்து மேலே வைத்தாள்.

"ஆறுதலா வாங்க" என்றார் சபியா உம்மா. "எனக்கு அவசரமில்ல. நான் இருப்பன்."